மூக்கில் குடியிருக்கும் கிருமி: எதிர்ப்பு வேறு, வீரியம் வேறு

அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த மூக்குச் சுவாப்பின் ரிப்போர்ட் கையில் கிடைக்கிறது. ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் வளர்ந்திருக்கிறது, அதிலும் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத வகை, என்று எழுதியிருக்கிறது. ஆளுக்குக் காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை. வீட்டில் எல்லோரும் பதறிப்போய்க் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன அன்டிபயோட்டிக் குடிக்க வேணும்?" பெரும்பாலும் பதில்: ஒன்றும் குடிக்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்று விளங்குவதற்கு இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு என்பது மருந்துக்கு அந்தக் கிருமி சாகாமல் இருப்பது. வீரியம் என்பது அது மனித உடலைத் தாக்கும் வல்லமை. எம்ஆர்எஸ்ஏ என்ற பெயர் முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி அந்த ரிப்போர்ட் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

எந்த நாளில் பார்த்தாலும் சுகதேகிகளில் ஏறக்குறைய 30 சதவீதமானோரின் மூக்கில் இந்தக் கிருமி இருக்கும். சிலர் ஆண்டுக்கணக்காகச் சுமப்பார்கள், சிலரிடம் வந்து வந்து போகும், மற்றவர்களிடம் தங்காது. பானந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குக் காலி வீதியால் வரும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் 60 பேர் இருந்தால், ஏறக்குறைய 18 பேரின் மூக்கில் அது இருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். அவர்களில் பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை.

ஆனால் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2001 இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வொன்றில், குருதியில் இந்தக் கிருமி ஏறிய நோயாளிகளைப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களில் குருதியில் இருந்ததும் மூக்கில் இருந்ததும் ஒரே வகைதான். 2004 இல் நெதர்லாந்து ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. மூக்கில் சுமப்பவர்களுக்குக் குருதித்தொற்று வரும் வாய்ப்பு மூன்று மடங்கு அளவுக்குக் கூடுதல். ஆனால் அப்படித் தொற்று வந்தபின் இறப்பது சுமக்காதவர்களிடம்தான் அதிகம். நெடுநாள் கூட இருந்த கிருமியை உடல் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். தன் மூக்குக் கிருமியைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்பும் தகவல் இதுதான்.

மூக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். உள்ளே ஆழத்தில் அல்ல, வாசலில். மயிர் முளைத்திருக்கும் முதல் ஒரு சென்ரிமீற்றர் அளவு இடம் சளிச்சவ்வு அல்ல, தோல்தான். அங்குள்ள மேற்றோல் கலங்களின் லோரிக்ரின் போன்ற புரதங்களில் கிருமியின் ஒட்டுப்புரதம் கொளுவிக்கொள்ளும். மூக்குநீரில் கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் இருக்கிறது. 1921 இல் அலெக்சாண்டர் பிளெமிங் தடிமன் பிடித்திருந்தபோது தன் சளியைத்தான் வளர்ப்புத்தட்டில் வைத்து அதைக் கண்டுபிடித்தார். ஆனால் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் தன் சுவரில் அசெற்றைல் கூட்டமொன்றைச் சேர்த்து அந்த நொதியம் வேலைசெய்யாமல் தடுத்துவிடும். ஆகவே வாசலிலேயே சுகமாக இருக்கிறது.

சுவாப் எடுக்கும் முறையில்தான் பாதிப் பிழை நடக்கிறது. கோவிட் காலப் பழக்கத்தில் பலர் குச்சியைத் தொண்டைவரை செலுத்துகிறார்கள். அது நோவு மட்டும்தான், கிருமி கிடைக்காது. கிருமிநீக்கிய உப்புநீரில் நுனியை நனைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் காய்ந்த பஞ்சு தோலிலிருந்து அதிகம் எடுக்காது. மூக்கு வாசலுக்குள் 1 முதல் 2 சென்ரிமீற்றர் மட்டும் விட்டு, உட்சுவரில் அழுத்தி ஐந்து முறை சுழற்றுங்கள். அதே குச்சியால் மற்றத் துவாரத்திலும் எடுக்கலாம். பிறகு கிருமியை உயிரோடு கொண்டுபோக உதவும் ஏமீஸ் ஊடகத்தில் செருகி மூடி, திகதியும் நேரமும் எழுதிவிடுங்கள். கொழும்பு வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் அந்தக் குழாயை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் போதும், வலுக்குறைந்த கிருமிகள் செத்து "வளர்ச்சி இல்லை" என்ற பொய் ரிப்போர்ட் வரும். ஆய்வுகூடம் போய்ச்சேரத் தாமதமாகும் என்றால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், 24 மணித்தியாலத்துக்குள் தட்டில் இட்டுவிடுங்கள். ஒரே ஒரு சுவாப்பை வைத்து ஒருவரை நிரந்தரச் சுமப்பாளர் என்று எழுதக்கூடாது. ஒரு வாரம் விட்டு இரண்டாவதும் எடுத்தால்தான் அதைப் பற்றிப் பேசலாம். கடந்த மூன்று மாதத்தில் குடித்த அன்டிபயோட்டிக், கடந்த ஓராண்டில் வைத்தியசாலையில் தங்கியது, வீட்டில் தாதியர் அல்லது டயலிசிஸ் நோயாளி இருப்பது ஆகிய மூன்றையும் கேட்டுக் குறிக்காமல் எடுத்த சுவாப்பிலிருந்து பிறகு எந்த முடிவுக்கும் வர முடியாது.

வளர்ப்பதற்கு, 6.5 சதவீத உப்புச் சேர்த்த சோயாத் திரவ ஊடகத்தில் ஒரு இரவு வைத்துப் பெருக்கினால் நேரடியாகத் தட்டில் தேய்ப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்தது மனிற்றோல் உப்பு ஏகார். 7.5 சதவீத உப்பு மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவற்றைப் பின்வாங்க வைக்கும். ஓரியஸ் மனிற்றோல் என்ற சர்க்கரைப் பொருளைப் புளிக்கவைப்பதால் இளஞ்சிவப்புத் தட்டு அந்தக் கொலனியைச் சுற்றி மஞ்சளாகும். 24 மணித்தியாலத்தில் மஞ்சள் வராவிட்டால் எறிந்துவிடாதீர்கள், 48 வரை வையுங்கள். மஞ்சளானதெல்லாம் ஓரியஸ் என்றும் எடுத்துவிடாதீர்கள். சப்ரோபிற்றிக்கஸ், ஹீமொலிற்றிக்கஸ் போன்ற சகோதர இனங்களிலும் மஞ்சளாக்குபவை உண்டு.

உறுதிப்படுத்துவது கோயகுலேஸ் சோதனை, அதாவது பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதியம் கிருமியிடம் இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. உப்புத்தட்டிலிருந்து நேரே கொலனியை எடுத்துக் கண்ணாடித்தட்டில் கலக்கினால், உப்பினாலேயே தானாகத் திரண்டு நேர்மறைபோலத் தோன்றும். முதலில் குருதி ஏகாரில் அல்லது சாதாரண ஊட்ட ஏகாரில் மறுபடி வளர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, உறையாமல் இருக்கச் சிற்றேற்றுப் போட்ட பிளாஸ்மாவைப் பாவித்தால், சிற்றேற்றை உண்ணும் வேறு கிருமி கலந்திருக்கும்போது பொய்யாக உறையும். ஈடிடிஏ போட்ட முயல் பிளாஸ்மா நம்பிக்கையானது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. குழாயை 37 பாகை செல்சியஸில் வைத்து 4 மணித்தியாலத்தில் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். சில ஓரியஸ் வகைகள் ஸ்டெபிலோகைனேஸ் என்ற நொதியத்தைச் சுரந்து, தான் உறையவைத்ததைத் தானே கரைத்துவிடும். இரவு வைத்துக் காலையில் மட்டும் பார்ப்பவர் வெறும் திரவத்தைக் கண்டு "ஓரியஸ் இல்லை" என்று எழுதுவார். குழாயை மெதுவாகச் சரித்துப் பாருங்கள். குலுக்கினால் இளம் உறைவு உடைந்து போகும். கற்றலேஸ் என்ற இன்னொரு அடையாள நொதியத்தைப் பார்க்கும்போது குருதித் தட்டைத் தவிருங்கள், செங்குருதிக் கலங்களிலும் கற்றலேஸ் இருக்கிறது.

இனி ஏபிஎஸ்டி, அதாவது கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை. கிருமி பரப்பிய தட்டில் மருந்து ஊறிய சிறு டிஸ்க்கை வைத்தால், அடங்கும் கிருமி அதைச் சுற்றி வளராமல் ஒரு வட்டம் விழும். எதிர்ப்பைக் கண்டுபிடிப்பது இந்தத் தட்டில்தான், பிழை விட இடம் நிறைய இருப்பதும் இதில்தான். மெத்திசிலின் 1959 இல் பாவனைக்கு வந்தது, 1961 இல் இங்கிலாந்தில் அதற்கு அடங்காத ஓரியஸ் பதிவானது. இன்று மெத்திசிலினை யாரும் பாவிப்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இலங்கையில் அதன் இடத்தில் நிற்பது கிளொக்சசிலின். ஆனால் தட்டில் வைப்பது கிளொக்சசிலின் டிஸ்க் அல்ல, 30 மைக்ரோகிராம் செஃபொக்சிற்றின் டிஸ்க். இந்த எதிர்ப்பைக் கொடுக்கும் மெக்ஏ மரபணுவை அது நன்றாகத் தூண்டுவதால் மறைந்திருக்கும் எதிர்ப்பும் வெளியே தெரியும். வட்டத்தின் விட்டம் 22 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் அடங்கும், 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எம்ஆர்எஸ்ஏ. ஒரு மில்லிமீற்றரில் முடிவு மாறுகிறது என்பதால் கண்மதிப்புக்கு இடமில்லை, அளவுகோல் வேண்டும்.

அந்த ஒரு மில்லிமீற்றரைக் குலைப்பவை எவை? மியூலர் ஹின்ரன் ஏகாரின் தடிப்பு 4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்க மெல்லிதாக ஊற்றினால் வட்டம் பெரிதாகும், எதிர்ப்பு மறைந்துவிடும். கிருமிக் கலவை 0.5 மக்ஃபார்லண்ட் கலங்கலுக்குச் சரியாக, மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 15 கோடி கலங்கள் என்ற அளவில் இருக்க வேண்டும். நீர்த்துப்போனால் அதே விளைவு. இன்கியுபேட்டர் 35 பாகைக்கு மேல் போகக்கூடாது. "எல்லாக் கிருமியும் 37 இல்தானே வளரும்" என்று வைத்துவிட்டால் எம்ஆர்எஸ்ஏ தப்பிவிடும், ஏனெனில் சூடு கூடும்போது அந்த எதிர்ப்பின் வெளிப்பாடு குறைகிறது. கொழும்பின் ஈரக்காற்றுக்கு என்று ஒரு பிழை தனியாக உண்டு. குளிரூட்டியிலிருந்து எடுத்த உடனேயே டிஸ்க் குப்பியைத் திறந்தால் நீர் பனித்து டிஸ்க்கில் படியும், மருந்து நாளடைவில் சிதைந்துபோகும். மூடி திறக்காமல் அறைவெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பையின் நிறம் மாறிவிட்டதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஏடிசிசி 25923 என்ற அடங்கும் கிருமியையும் 43300 என்ற எதிர்க்கும் கிருமியையும் கூடவே போட்டால், பிழை கிருமியிலா தட்டிலா என்பது தெரிந்துவிடும். இதைத் தவிர்த்துவிட்டு எழுதிய சதவீதம் எதையும் நான் நம்பமாட்டேன்.

செஃபொக்சிற்றினுக்கு அடங்காது என்றால், கிளொக்சசிலின், ஃபுளுகிளொக்சசிலின், கோ-அமொக்சிகிளாவ், செஃபலெக்சின் எல்லாவற்றுக்குமே அந்தக் கிருமி அடங்காது. இவற்றில் ஏதாவது தட்டில் பெரிய வட்டம் காட்டினாலும் கணக்கில் எடுக்கக்கூடாது. மெக்ஏ உண்டாக்கும் மாற்றுப் புரதம் பென்சிலின் குடும்பத்தின் பிடியிலிருந்து சுவர் கட்டும் வேலையையே விடுவித்துவிடுகிறது.

தட்டில் கண்ணால் பார்த்து இரசிக்கக்கூடிய ஒன்று டி-சோதனை. 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க்கையும் 2 மைக்ரோகிராம் கிளின்டாமைசின் டிஸ்க்கையும் 15 முதல் 26 மில்லிமீற்றர் இடைவெளியில் அருகருகே வைக்க வேண்டும். அடுத்த நாள் கிளின்டாமைசினைச் சுற்றி அழகான பெரிய வட்டம் இருக்கும். ஆனால் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் அந்த வட்டம் தட்டையாக வெட்டுப்பட்டு, ஆங்கில எழுத்து டி போல நிற்கும். எரித்ரோமைசின் கசிந்து வந்த இடத்தில் கிருமியின் உறங்கிக்கிடந்த எதிர்ப்பு விழித்துக்கொண்டது என்று பொருள். வட்டத்தின் அளவை மட்டும் பார்த்து "கிளின்டாமைசின் அடங்கும்" என்று எழுதினால், சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் நோயாளிக்குத் தோல்வி வரலாம். இரு டிஸ்க்குகளையும் தட்டின் எதிரெதிர் மூலைகளில் வைத்தால் இது தெரியவே தெரியாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: வன்கோமைசினுக்கு டிஸ்க் முறை ஓரியஸில் நம்பத்தக்கதல்ல. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை அளந்துதான் எழுத வேண்டும்.

மரபணுவைப் பெருக்கித் தேடும் பீசீஆர் சோதனை செய்தால் இந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மூக்குச் சுவாப்பிலிருந்து நேரே மெக்ஏ தேடினால் முதலுக்கே மோசம். நம் மூக்கில் ஓரியஸுடன் கூடவே எப்பிடெர்மிடிஸ் என்ற சாதுவான உறவினர் வாழ்கிறார், அவரிடமும் மெக்ஏ தாராளமாக இருக்கும். அடங்கும் ஓரியஸ் ஒன்றும் மெக்ஏ சுமக்கும் எப்பிடெர்மிடிஸ் ஒன்றும் ஒரே மூக்கில் இருந்தால், ஓரியஸின் பட்டையும் மெக்ஏ பட்டையும் ஜெல்லில் தெரியும், இல்லாத எம்ஆர்எஸ்ஏ இருப்பதாக ரிப்போர்ட் போகும். தனிக் கொலனியைத் தூய்மையாக்கி, ஓரியஸுக்கு உரிய நியூக் மரபணுவால் ஓரியஸ் என்று உறுதி செய்து, அதிலேயே மெக்ஏ பார்ப்பதுதான் முறை. டிஎன்ஏ பிரிக்கும்போது மேலே சொன்ன லைசோசைம் கதை திரும்ப வரும். அதை மட்டும் நம்பினால் ஓரியஸின் சுவர் உடையாது, லைசோஸ்டஃபின் என்ற வேறு நொதியம் வேண்டும். சுவர் உடையாத மாதிரியில் பட்டை வராது. கூடவே எல்லாப் பக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பட்டை போடாதவர் அதை "மரபணு இல்லை" என்று வாசித்துவிடுவார்.

இப்போது வீரியத்துக்கு வருவோம். ஓரியஸின் ஆயுதங்கள் பல. எல்லா ஓரியஸிலும் ஏறக்குறைய இருப்பவை அல்ஃபா நச்சு, நம் எதிருடலைத் தலைகீழாகப் பிடித்துவிடும் புரதம் ஏ, கோயகுலேஸ். சிலவற்றில் மட்டும் இருப்பவைதான் ஆபத்தை நிர்ணயிக்கின்றன. பன்ரன்-வலன்ரைன் நச்சு, சுருக்கமாகப் பீவிஎல், வெண்குருதிக் கலத்தின் சவ்வில் துளையிட்டு அதைக் கொல்லும். திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டு வருவதற்கும், அரிதாக இளம் வயதினரில் நுரையீரலையே சிதைக்கும் நியூமோனியாவுக்கும் இதனுடன் தொடர்பு உண்டு. ரிஎஸ்எஸ்ரி-1 நச்சு அதிர்ச்சி நோயை உண்டாக்கும். உரிவு நச்சுகள் குழந்தைகளின் தோலை வெந்ததுபோல உரிக்கும். இவற்றில் பல மரபணுக்கள் கிருமியைத் தொற்றும் வைரசின் மேல் ஏறி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. மெக்ஏ வருவதோ வேறொரு வண்டியில், எஸ்சிசிமெக் என்ற துண்டில். இரண்டு வண்டிகள், இரண்டு பயணங்கள். எதிர்ப்பு இருப்பதை வைத்து வீரியத்தை ஊகிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் சொன்னால், வைத்தியசாலை எம்ஆர்எஸ்ஏ வகைகள் சிலவற்றில் மெக்ஏயின் மாற்றுப் புரதம் அதிகம் உருவாகும்போது நச்சுச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஏஜிஆர் பொறிமுறை மழுங்குகிறது. எதிர்ப்புக்கு விலையாக வீரியம் குறைகிறது. சமூகத்தில் பரவும் சில வகைகளில் அந்தத் துண்டு சிறியது, விலையும் குறைவு, அவை இரண்டையும் சேர்த்துச் சுமக்கின்றன. அமெரிக்காவின் யூஎஸ்ஏ300 அப்படிப்பட்டது. மறுபுறம் எல்லா மருந்துக்கும் அடங்கும் ஓரியஸ் பீவிஎல்லைச் சுமந்து ஒரு வீட்டையே மாதக்கணக்கில் கட்டுகளால் வாட்டலாம். ரிப்போர்ட்டில் "எம்ஆர்எஸ்ஏ இல்லை" என்று கண்டு நிம்மதியடையும் அந்த வீட்டுக்கு உண்மையில் வேண்டியது பீவிஎல் சோதனை. மரபணு இருப்பதும் நச்சு சுரப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகளை வாசிக்கும்போது பகுதியெண்ணைத் தேடுங்கள். 200 பேரில் 50 பேரிடம் ஓரியஸ், அதில் 5 எம்ஆர்எஸ்ஏ என்று வைத்துக்கொள்வோம். கிருமிகளில் 10 சதவீதம், மனிதர்களில் 2.5 சதவீதம். இரண்டும் சரிதான். தலைப்பில் எதைப் போடுகிறார்கள் என்பதில் வாசகர் ஏமாறுகிறார்.

வீரியம் நம் வாழ்க்கையில் அன்றாடம் தொடும் இடம் ஆஸ்பத்திரி அல்ல, குசினி. மூக்கைத் தேய்த்த விரலால் அவித்த முட்டையை உரித்துச் சோற்றுப் பார்சலின் மேல் வைக்கிறார்கள். காலை 5 மணிக்குக் கட்டிய பார்சல் பகல் 1 மணிக்கு அவிழ்க்கப்படுகிறது. வெளியே 30 பாகை. கிராமுக்கு 100 கிருமி ஒட்டியது, 40 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்தால், எட்டு மணித்தியாலத்தில் 12 முறை. 4 இலட்சம் தாண்டிவிடும். ஒரு இலட்சத்தைத் தாண்டினாலே வயிற்றைக் குமட்டவைக்கும் அளவுக்கு நச்சுச் சேரலாம். அதன்பின் சூடாக்கிப் பயனில்லை. கிருமி சாகும், நச்சு கொதிநீரில் அரை மணித்தியாலமும் தாக்குப்பிடிக்கும். சாப்பிட்டு 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தி தொடங்கினால் இந்த நச்சைச் சந்தேகிக்கலாம். அந்த நேரத்தில் அன்டிபயோட்டிக் எதற்கும் உதவாது, ஏனெனில் கொல்ல வேண்டிய கிருமி வயிற்றில் இல்லை. நீரிழப்பை ஈடுசெய்வதுதான் சிகிச்சை. முட்டையை உரித்தபின் கையால் தொடாமல் கரண்டியால் எடுப்பது, விரலில் சீழ்ப்புண் இருப்பவரைச் சமையலிலிருந்து விலக்குவது, 60 பாகைக்கு மேலோ 5 பாகைக்குக் கீழோ வைப்பது ஆகியவைதான் இங்கே தடுப்பு.

சுகதேகியின் மூக்கைச் சுத்தப்படுத்த மருந்து போடுவது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. தடிமனுக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மூன்று அமொக்சிசிலின் வாங்கி விழுங்குவதும் அப்படித்தான். தடிமன் வைரசுக்கு ஒன்றும் ஆகாது. மூக்கில் ஓரியஸோடு இடத்துக்குப் போட்டியிடும் சாதுக்கள் சாகும், அடங்காதவை மிஞ்சும். 2016 இல் ஜேர்மனியின் ரியூபிங்கனில் அப்படியொரு மூக்குவாசியான லுக்டுனென்சிஸ், ஓரியஸைக் கொல்லும் லுக்டுனின் என்ற பொருளையே சுரப்பதாகக் கண்டார்கள். நம் காவலர்களை நாமே கொல்லக்கூடாது. ஃபியூசிடிக் அசிட்டும் ஸ்ரீரொயிட்டும் கலந்த கிரீமைக் கண்ட கடிக்கெல்லாம் பூசுவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து போட வேண்டிய இடங்கள் உண்டு: இருதய அறுவை, மூட்டு மாற்று, டயலிசிஸ், வீட்டில் தொடரும் கட்டு. 2010 இல் நெதர்லாந்தில் ஓரியஸ் சுமந்த நோயாளிகளுக்கு மூக்கில் மியூப்பிரோசினும் குளிக்கக் குளோர்ஹெக்சிடினும் கொடுத்தபோது, வைத்தியசாலையில் வந்த ஓரியஸ் தொற்று 7.7 இலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. வைத்தியர் எழுதினால் செய்முறை இது: 2 சதவீத மியூப்பிரோசின் மூக்குக் களிம்பு, தீக்குச்சித் தலை அளவு, ஒவ்வொரு துவாரத்திலும் நாளுக்கு இருமுறை, 5 நாட்கள். போட்டபின் மூக்கை வெளியிலிருந்து அமுக்கித் தேய்த்துவிடுங்கள், வாசல் முழுக்கப் பரவ வேண்டும். அதே நாட்களில் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடினால் உடல் கழுவல், கமக்கட்டும் தொடையிடுக்கும் மறக்காமல், கண்ணிலும் காதுக்குள்ளும் படாமல். பாதியில் நிறுத்துவதும், மூன்று மாதத்துக்கொருமுறை தானாக வாங்கிப் போடுவதும் மியூப்பிரோசினுக்கும் எதிர்ப்பை வளர்க்கும். 200 மைக்ரோகிராம் டிஸ்க்கைச் சுற்றி வட்டமே விழாவிட்டால் அந்தக் களிம்பால் இனிப் பயனில்லை.

கட்டு தொடரும் வீட்டில் எல்லோரும் அதே ஐந்து நாட்களில் சேர்ந்து செய்ய வேண்டும். துவாய் ஆளுக்கொன்று, தினமும் மாற்ற வேண்டும். தலையணை உறையையும் உடுப்பையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஒருவரின் சவரக்கத்தியை மற்றவர் தொடக்கூடாது. பலன் பார்க்கும் சுவாப்பைக் களிம்பு முடிந்த அடுத்த நாளே எடுக்காதீர்கள், மூக்கில் மீந்திருக்கும் மருந்து தட்டிலும் வளர்ச்சியைத் தடுத்துவிடும். ஒரு வாரம் பொறுத்து எடுங்கள்.